வாய்ச்சொல்லுக்கும் நியமனக் கடிதத்துக்கும் இடையில்

கொழும்பில் நேர்முகப் பரீட்சை முடிந்த சில நாட்களில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைத்து, "உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம், கடிதம் அடுத்த கிழமை வரும்" என்று சொல்வார்கள். அந்த அடுத்த கிழமை மூன்று கிழமைகளாக நீள்வது புதினமல்ல. பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இராது. சம்பளத்துக்கு நிதிப் பிரிவின் ஒப்புதல் கிடைத்திருக்காது, கையெழுத்திட வேண்டிய பணிப்பாளர் வெளிநாட்டில் இருப்பார், ஏப்ரல் மாதமென்றால் புத்தாண்டோடு சில வேலை நாட்கள் கழிந்துவிடும். காரணம் எதுவாயினும், கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டாம். இந்தத் தவறை நானும் ஒருமுறை செய்து, இரண்டு மாதம் சம்பளமின்றி வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டியிருக்கிறேன்.

அழைப்பு வந்த அன்றே, பேசியவருக்கு ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்புங்கள். நன்றி சொல்லி, தொலைபேசியில் கூறப்பட்ட பதவியின் பெயர், மாதச் சம்பளம், வேலை தொடங்கும் நாள் ஆகியவற்றை நீங்கள் விளங்கிக்கொண்டபடி எழுதி, பிழையிருந்தால் திருத்துமாறு கேட்டு, நியமனக் கடிதத்தை எப்போது எதிர்பார்க்கலாம் என்று முடிக்கலாம். இது கடிதத்துக்கு ஈடாகாது. ஆயினும், பேசியது என்ன என்பதற்கு எழுத்தில் ஒரு தடம் இருக்கும். அவர்கள் "ஆம்" என்று ஒரு வரி பதில் எழுதினால் அது இன்னும் வலுப்பெறும்.

காத்திருக்கும் நாட்களில் கேட்டுத் தெளிய வேண்டியவற்றுள் முதன்மையானது சம்பளத்தின் உட்பிரிவு. 150,000 ரூபா என்று சொல்லப்பட்டதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவுகள் எவ்வளவு, எந்தத் தொகையின் மேல் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கணக்கிடப்படும் என்று கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட, நிறுவனம் 12 வீதம் செலுத்த வேண்டும். ஊழியர்களுக்கான இன்னொரு சேமிப்பான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் நிறுவனத்தின் பொறுப்பே. முழுத் தொகையின் மேல் கணக்கிட்டால் நிறுவனத்தின் 12 வீதம் மாதம் 18,000 ரூபா. அடிப்படைச் சம்பளம் 90,000 ரூபா என்று வைத்து, அதன் மேல் மட்டும் கணக்கிட்டால் அது 10,800 ரூபாவாகச் சுருங்கிவிடும்.

தொடங்கும் நாளும் சிறிய விடயமல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் சேர்பவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தால் 10 நாள், ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7 நாள், அதற்குப் பின்னர் 4 நாள் மட்டுமே. கடிதம் தாமதமாகி ஜூன் இறுதி ஜூலையாக மாறினால் மூன்று நாட்களை இழப்பீர்கள். தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவித்தல் காலம் ஆகியவற்றையும் கேட்டு வையுங்கள்.

இப்போதைய இடத்தில் ஐந்து ஆண்டுகளை நெருங்கியிருப்பவர் நாட்காட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். ஒரு மாதம் முந்தி விலகினால் சட்டப்படி கோர முடியாது. இந்த நிலையில் கடிதம் தாமதிப்பதே உங்களுக்கு நல்லது.

சொன்ன நாள் கடந்து இரண்டு வேலை நாட்கள் பொறுத்து நினைவூட்டுங்கள். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை போதும். வாட்ஸ்அப்பில் தினமும் விசாரிப்பது எரிச்சலைத்தான் தரும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால் மற்ற நேர்முகப் பரீட்சைகளுக்குத் தயங்காமல் செல்லுங்கள். ஊரிலிருந்து வருபவர்கள் கடிதம் கிடைக்கும்வரை அறைக்கு முற்பணம் கட்டாதிருப்பது நல்லது.

"முதலாம் திகதியே சேர முடியுமா?" என்று அவசரப்படுத்தினால், "கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். கடிதம் வந்ததும் உங்கள் மின்னஞ்சலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறுபாடு இருந்தால் கையெழுத்திடுமுன் திருத்தச் சொல்லுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி உங்கள் கையில் இருக்கும்போதுதான் பழைய இடத்தில் விலகல் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்ட திகதியை அதன் பிரதியில் குறித்து வாங்க வேண்டும்.