பச்சையை நம்பி ஏமாறாதீர்கள்: நுண்பாசிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் நுண்பாசியைக் குளத்தில் வளர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது, குளத்து நீர் பச்சையாகிவிட்டால் சுத்திகரிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதிக்கு இதுதான் வேர். நுண்பாசி கழிவுநீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அழிப்பதில்லை, தன் செல்லுக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் செல் நீரிலேயே கிடந்து செத்தால் வாங்கியவை நீருக்கே திரும்பும். வெளியேறும் நீரோடு போகும் பாசி, ஆய்வறிக்கையில் தொங்கும் திண்மமாகவும் (நீரில் மிதந்து நிற்கும் திடத் துகள்) பி.ஓ.டி.யாகவும் (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கணக்கில் ஏறும். வடிகட்டிய மாதிரியை மட்டும் சோதித்து மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. வடிகட்டாத மாதிரியையும் சோதியுங்கள்.

ஆகவே, குளத்தை வெட்டிவிட்டு அறுவடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பாசிச் செல்கள் பெரும்பாலும் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் 30 மைக்ரான் வரைதான் இருக்கும். அடர்த்தி ஏறக்குறைய நீருக்குச் சமம். மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் அரை கிராம் பாசியே கிடைக்கும். மையவிலக்கு இயந்திரம் பிரித்துக் கொடுக்கும். ஆனால் கழிவுநீர்ப் பாசியின் மதிப்பு அந்த மின்செலவைத் தாங்குவது அரிது. படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ போட்டால் பாசி திரண்டு படியும், கூடவே அலுமினியமோ இரும்போ அதில் சேர்ந்துகொள்ளும். பாசியை எதற்குப் பயன்படுத்துவது என்பதை முடிவுசெய்த பிறகே திரட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாகப் படிந்த பாசியில் ஒரு பகுதியைக் குளத்துக்கே திருப்பி விட்டால், எளிதில் படியும் இனங்கள் மெல்ல மேலோங்கும். செலவு குறைந்த இந்த வழியைப் பலர் முயன்றுகூடப் பார்ப்பதில்லை.

அதிகம் கவனிக்கப்படாத தவறு பி.எச். அளவில், அதாவது நீரின் அமில-காரத் தன்மையை அளப்பதில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அளந்து 7.8 என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். வெயில் ஏற ஏறப் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு அதே குளத்தில் பி.எச். 9.5-ஐத் தாண்டியிருக்கலாம். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே தனி அம்மோனியாவாக (அயனியாக மாறாத அம்மோனியா) இருக்கும். 9.25-ஐ எட்டும்போது அது சரிபாதி. இந்தத் தனி அம்மோனியா பாசியின் ஒளிச்சேர்க்கையையே முடக்கும். அதில் ஒரு பகுதி காற்றில் பறக்கும். பாஸ்பரஸும் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படியும். நீரில் அளவு குறைந்ததைப் பார்த்து, எல்லாவற்றையும் பாசிதான் உண்டது என்று எழுதிவிடுகிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. ஒரு கனமீட்டர் நீரில் 30 கிராம் நைட்ரஜன் குறைந்திருக்கிறது, அதே நீரிலிருந்து 200 கிராம் உலர் பாசி கிடைத்தது, அதில் நைட்ரஜன் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பாசிக்குள் போனது 14 கிராம்தான். மீதி 16 கிராம் எங்கே? அம்மோனியாவை மட்டும் அளந்திருந்தால், அதில் ஒரு பகுதி பாக்டீரியாவால் நைட்ரேட்டாக மாறி நீரிலேயே இருக்கவும் கூடும். மொத்த நைட்ரஜனை அளப்பதும், பிற்பகலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி பி.எச்.சை 8-ஐ ஒட்டி வைத்திருப்பதும்தான் மருந்து.

கரிமக் கழிவைச் சிதைப்பதும் பெரும்பாலும் பாக்டீரியாவே. அதற்கு ஆக்சிஜன் கொடுப்பது பாசி. இரவில் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிக்கும் என்பதை மறந்து, அடர்ந்த கழிவை இரவில் திறந்துவிட்டால் விடிவதற்குள் குளம் நாறும்.

நிலத்தை மிச்சப்படுத்த ஆழமாகத் தோண்டுவது இன்னொரு வீண் வேலை. 1950-களில் கலிபோர்னியாவில் ஆய்வாளர் வில்லியம் ஆஸ்வால்டு வளர்த்தெடுத்த பாசிக் குளங்கள் ஆழம் குறைந்தவை. இன்றும் 30 சென்டிமீட்டரை ஒட்டிய ஆழமே வழக்கம். அடர்ந்த பாசிநீரில் ஒளி சில சென்டிமீட்டருக்குக் கீழே போகாது. துடுப்புச் சக்கரம் நீரைப் புரட்டிக்கொண்டே இருந்தால்தான் எல்லாச் செல்லுக்கும் முறை வரும். சாயக் கழிவுபோல் கருத்த நீரை நிறம் குறைக்காமலோ நீர்க்கச் செய்யாமலோ விடுவதில் பயனில்லை.

ஆய்வகத்தில் கொதிக்கவைத்த கழிவுநீரில் தனி இனத்தை வளர்த்துக் கிடைத்த எண்ணைத் திறந்த குளத்துக்கு அப்படியே பெருக்காதீர்கள். குளத்தில் எந்த இனம் தங்கும் என்பதைக் குளமே முடிவுசெய்யும். ரோட்டிஃபர் போன்ற நுண்விலங்குகள் பெருகினால் சில நாட்களிலேயே பாசி காணாமல் போய்விடும். தினம் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பதைவிட மலிவான காப்பீடு கிடையாது.

கடைசியாக, எண்ணெய்க் கனவு. பாசியில் கொழுப்பு ஏற வேண்டுமானால் பொதுவாக நைட்ரஜன் பட்டினி வேண்டும், அப்போது வளர்ச்சி மந்தமாகும். நைட்ரஜன் மலிந்த கழிவுநீரிலோ புரதம்தான் மிகும். அமெரிக்க அரசு பாசி எரிபொருளுக்காக 1978-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் 1996-இல் மூடப்பட்டது. செலவுக் கணக்கு கட்டுப்படியாகவில்லை. உலர்த்தாமல் ஈரமாகவே உயிர்வாயுக் (பயோகாஸ்) கலனில் இடுவது நடைமுறைக்கு நெருக்கமானது. பாசியில் நைட்ரஜன் மிகுதி என்பதால் வைக்கோல், காகிதக் கழிவு போன்ற கார்பன் மிகுந்த பொருளையும் சேர்க்க வேண்டும். உரமாக்குவதற்கு முன் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் நோய்க்கிருமிகளையும் சோதிக்க வேண்டும்; பாசி உலோகங்களை நன்றாகவே பிடித்துவைக்கும். தீவனமாக்குவதென்றால் நீலப்பச்சைப் பாசியின் நச்சுக்கும் தனிச் சோதனை உண்டு, அதுவும் ஒருமுறை செய்து முடிப்பதல்ல, ஒவ்வொரு அறுவடைக்கும்.