பழைய ஜீப்பின் பின் சீட்டுக்கு ரோல் பார் போடுவது எப்படி

சேலம், ஏற்காடு பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய மஹிந்திரா ஜீப்புகளில் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காக்கிற இரும்புப் பைப் வளைவு) இருந்தால், அது பெரும்பாலும் முன் சீட்டுக்குப் பின்னால் ஒற்றை வளைவாகத்தான் நிற்கும். ஓட்டுகிறவரையும் பக்கத்தில் இருப்பவரையும் அது காப்பாற்றும். பின்னால் உட்காருகிறவர்கள் தலைக்கு மேல் தார்ப்பாயும் அதைத் தாங்குகிற மெல்லிய கம்பியும்தான். சேலத்திலிருந்து ஏறும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை விடுங்கள், அங்கே தார் ரோடாவது இருக்கிறது. எஸ்டேட்டுக்குள் மழையில் ஊறிய மண் பாதையின் ஓரம் சரிந்தால், மெதுவாகப் போகிற வண்டியும் சாய்ந்துவிடும். பழைய சிஜே 3பி மாடல் மாதிரி 80 அங்குல வீல்பேஸும் (முன் பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) குறுகிய உடம்பும் உள்ள வண்டி சாய ஆரம்பித்தால் நிற்காது.

பைப் வாங்கக் கிளம்பும் முன் சீட்டை முடிவு பண்ணுங்கள். வீல் பாக்ஸ் (பின் சக்கரத்தை மூடுகிற தகட்டு மேடை) மேல் எதிரெதிராகப் போட்ட பெஞ்சிலேயே ஆட்களை உட்கார வைக்கப் போகிறீர்கள் என்றால் ரோல் பார் வேண்டாம் என்றே சொல்வேன். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு பெல்ட் சரியாகப் பிடிக்காது, பெல்ட் பிடிக்காத ஆளின் தலை கவிழும்போது நேராகப் போய் அந்த இரும்புப் பைப்பில்தான் மோதும். முன்னோக்கிய இருவர் சீட், இருவருக்கும் பெல்ட், அப்புறம்தான் பார். வீட்டிலேயே உயரமான ஆளை அந்த சீட்டில் உட்கார வைத்து, தலைக்கும் பைப்புக்கும் நாலு விரற்கடையாவது இடைவெளி வருகிற மாதிரி உயரத்தைக் குறியுங்கள். முன் வளைவின் உச்சிக்கும் பின் வளைவின் உச்சிக்கும் ஒரு நூல் கட்டிப் பாருங்கள். எல்லார் தலையும் அந்த நூலுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அடுத்து வண்டியைக் கழுவி, பின் தளத்தைப் பாருங்கள். மலை வண்டிகளில் வீல் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிற மூலையில்தான் செம்மண் தங்கும், ஈரம் காயவே காயாது. பெயின்ட் நன்றாகத்தான் தெரியும். ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அங்கே தட்டுங்கள், நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு தொப்பென்று கேட்கும், முனையால் குத்தினால் துரு பொடியாக உதிர்ந்து கீழே வெளிச்சம் தெரியும். அந்த நிலையில் பார் போடுவது வீண். அரித்ததை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, அடியில் இருக்கிற சேனலையும் சரி பண்ணிய பிறகுதான் மேலே போக வேண்டும். பைப் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன் கால் நிற்கிற இடம் கிழிந்தால் மொத்தப் பாரும் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும், இந்த வேலையின் உயிரே அந்தக் காலில்தான் இருக்கிறது.

பைப் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சேலத்தில் ஸ்டீல் பிளான்ட் இருப்பதால், பளபளவென்று எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) பைப்பிலேயே போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கிற அந்தப் பைப்பின் சுவர் மிக மெல்லியது, அடி விழுந்தால் மடங்கும். ஜிஐ பைப்பும் கூடாது, துத்தநாகப் பூச்சு வெல்டிங்கைக் கெடுக்கும், அந்தப் புகையும் உடம்புக்கு ஆகாது. பந்தயக் கார்களுக்கு சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்ஐஏ வைத்திருக்கிற விதியில் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. வெளி விட்டத்தில் 2.5 மி.மீ. சுவர், அல்லது 50 மி.மீ.யில் 2 மி.மீ. சுவர் கேட்கிறார்கள், அதுவும் தையல் இல்லாத (சீம்லெஸ்), குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்த (கோல்டு டிரான்) கார்பன் ஸ்டீலில். நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். கடையில் ‘ஒன்றரை இஞ்ச்’ என்று கேட்டால் கொடுப்பது 48.3 மி.மீ. வெளி விட்டமுள்ள தண்ணீர்க் குழாய், ஆகவே வெர்னியர் அளவுகோலைக் கையோடு கொண்டு போய் விட்டமும் சுவரும் அளந்து வாங்குங்கள். சீம்லெஸ் என்று கேட்டு வாங்கி, பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். தடிமன் கூடினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம், உயரத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் வண்டியை இன்னும் சுலபமாகச் சாய்க்கும்.

வளைப்பதற்கு முன் எட்டு மி.மீ. கம்பியில் ஒரு மாதிரி வளைத்து வண்டிக்குள் வைத்துப் பார்ப்பது நல்லது. டெயில் கேட் திறக்கிறதா, தார்ப்பாய் மூடுகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பைப்பை மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கிற பட்டறைக்குக் கொடுக்காதீர்கள், டை (பைப் அளவுக்கேற்ற அச்சு) வைத்த பெண்டிங் மெஷினில் குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். உள்பக்கம் சுருக்கம் விழுந்தாலோ, வளைவில் பைப் நசுங்கி, குறுகிய பக்கம் அகலமான பக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைந்தாலோ அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள். லாரி பாடி கட்டுகிற ஊர்களான நாமக்கல், சங்ககிரி பக்கம் கை தேர்ந்த வெல்டர்கள் கிடைப்பார்கள், சேலத்தில் ஆள் அமையவில்லை என்றால் அங்கே விசாரிக்கலாம்.

கால்களை வீல் பாக்ஸ் மேல் வைக்காதீர்கள், அது வெறும் தகடு. வீல் பாக்ஸுக்குப் பின்னால், தளத்தின் மூலையில் இறக்குங்கள், கீழே சேஸியின் பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) பக்கத்திலேயே கிடைக்கும். தளத்துக்கு அடியில் குறைந்தது 120 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள பிளேட், ஒவ்வொரு காலுக்கும் 8.8 கிரேடு எம்8 போல்ட் மூன்று, இது எஃப்ஐஏ குறைந்தபட்சமாகச் சொல்வது. பழைய தகட்டுக்கு நான் எம்10 போல்ட்டும் 5 மி.மீ. பிளேட்டும்தான் போடச் சொல்வேன். அந்த பிளேட்டிலிருந்து சேஸிக்கு ஒரு பிராக்கெட் இறக்கி, நடுவில் ரப்பர் புஷ் வையுங்கள். மேடு பள்ளத்தில் சேஸி முறுக்கும், பாடி ரப்பர் மேல் மிதந்து தனியாக அசையும். இரண்டையும் புஷ் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் சில மாதங்களில் தளம் விரிசல் விடும்.

பின் வளைவு தனியாக நின்றால் முன்னும் பின்னும் மடங்கிவிடும். இரண்டு பக்கமும் தலைக்கு மேலாக ஒரு நீளப் பைப் போட்டு முன் வளைவோடு இணையுங்கள், பின் வளைவுக்குள் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டயகனல் ஒன்று கொடுங்கள். முன் வளைவே சும்மா அலங்காரத்துக்குப் போட்டதாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான், வேறு வழியில்லை.

வெல்டிங் அன்று பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய மாடல்களில் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே டேங்க் இருக்கும், அதைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வையுங்கள், மூடிவைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மிக் வெல்டிங் நல்லது, ஆர்க் என்றால் 7018 ராடு. சுற்றிலும் முழுசாக வெல்டு ஓட வேண்டும். இடத்தில் வைத்துப் புள்ளி வெல்டு மட்டும் வைத்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, கூட்டை வெளியே எடுத்து முழு வெல்டு போட்டால் மேல்பக்க வெல்டும் விட்டுப்போகாது.

பெல்ட்டுக்கு ஆங்கர் போல்ட் 7/16 அங்குல யூஎன்எஃப் (நெருக்கமான மரை), சாதாரண ஹார்டுவேர் போல்ட் போடக் கூடாது. தலை எட்டுகிற இடமெல்லாம் ரோல் பாருக்கென்றே செய்த அழுத்தமான பேடிங் சுற்றுங்கள். ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பான்ஜ் விரலால் அழுத்தினாலே இரும்பு தட்டும், அது உதவாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, ஆகவே சீட்டையும் பாரையும் பற்றி ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் சேஸியில் எதையும் வெல்டு பண்ணாதீர்கள். அந்தப் பதிவுக்கு வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும், எல்லாமே போல்ட்டில் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிளேட் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். குப்பனூர் பாதையில் ஏறி ஏற்காடு போய்விட்டு வந்து பார்த்தால், கோடு விலகியிருக்கிற நட்டு எது என்று உடனே தெரியும், அதை இறுக்குங்கள். வெல்டு ஓரத்தில் பெயின்ட் முடி மாதிரி வெடித்திருந்தால் மேலே இன்னொரு வெல்டு ஓட்டி மூடக் கூடாது. அந்த இடத்தைக் கிரைண்டரில் முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதுவரை பின் சீட்டில் ஆள் ஏற்றாதீர்கள்.