காகிதக் கடற்படைக்கு ஒரு டார்பிடோக் கண்ணிவெடி

கற்பனை நாட்டுக்குக் கடற்படை அமைக்கிறவர்கள் முதலில் போர்க்கப்பல் வரைவார்கள், அப்புறம் விமானந்தாங்கி, நேரமிருந்தால் நீர்மூழ்கி. கண்ணிவெடிப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுப்பதில்லை. நண்பர்களோடு ஆடும் கடற்போர் மேசை விளையாட்டில் நான் நடுவர். என் பொறுப்பில் இருக்கும் வடமுனைக் குடியரசிடம் நான்கு கிழட்டு ஃபிரிகேட் கப்பல்கள், ஒரு நீரிணை, நிறையக் கடன். அதற்கு நான் செய்துகொடுத்த ஆயுதம்தான் ‘தும்பிலி’. மணலில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும் மீனின் பெயர். அடியில் நங்கூரமிட்டுக் காத்திருந்து, நீர்மூழ்கி வந்தால், நீருக்குள் தானே ஓடிப்போய்த் தாக்கும் டார்பிடோவை ஏவும் கண்ணிவெடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கதைக்கோ விளையாட்டுக்கோ இப்படி ஒன்று வேண்டுமென்றால் செய்யும் வழி இது.

ஆயுதத்தைத் தொடும் முன் வரைபடத்தை எடுங்கள். இந்த வகை ஆயுதம் இடுக்கு வழிகளுக்கானது. திறந்த பெருங்கடலில் போட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். அமெரிக்கக் கடற்படை 1979 வாக்கில் சேவைக்குக் கொண்டுவந்த ‘காப்டர்’ இதன் நிஜ முன்னோடி. மார்க் 46 டார்பிடோவை ஓர் உறைக்குள் அடைத்து ஆழ்கடலில் நங்கூரமிட்டார்கள். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் ஆகியவற்றுக்கு நடுவே சோவியத் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் நுழையும் வழிகள் அதற்கு ஏற்ற களம். உங்கள் நாட்டிலும் எதிரி வந்தே தீரவேண்டிய வழி ஒன்று இருக்கவேண்டும். இல்லையென்றால் வரையுங்கள், உங்கள் கடல்தானே.

அடுத்து, சாதாரணக் கண்ணிவெடி ஏன் போதாது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என் நீரிணையின் அகலம் 40 கிலோமீட்டர். முட்டினால் வெடிக்கும் கண்ணிகளை 50 மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஒரு வரிசைக்கு 800. நீர்மூழ்கி எந்த ஆழத்திலும் வரலாம் என்பதால் ஐந்து ஆழங்களில் வைத்தால் 4,000. இத்தனைக்கும் எட்டு மீட்டர் அகலமுள்ள நீர்மூழ்கி ஒரு வரிசையை உரசாமல் கடந்துபோகவே வாய்ப்பு அதிகம். 1918-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளிலிருந்து நார்வே வரை வடகடலை அடைக்கப் போனவர்கள் சுமார் 70,000 கண்ணிகளைக் கொட்டினார்கள். அதில் மூழ்கிய நீர்மூழ்கிகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். தும்பிலியோ பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் நம்பகமாகக் காவல் காக்கும். வரிசைக்கு 20, பின்னால் இடைவெளிகளை மறைக்க இன்னொரு 20. ஒன்றின் விலை எவ்வளவு ஏறினாலும் கடன்கார நாட்டுக்கு இந்தக் கணக்கு இனிக்கும்.

இனி பாகங்கள். அடியில் கனமான நங்கூரம், அதிலிருந்து எழும் கம்பிவடம், அதன் நுனியில் மிதப்பு விசையால் செங்குத்தாக நிற்கும் உறை. உறைக்குள் டார்பிடோ, வெளியே ஹைட்ரோஃபோன்கள் (நீருக்கடியில் சத்தம் கேட்கும் ஒலிவாங்கிகள்), மின்கலம், முடிவெடுக்கும் மின்னணுப் பெட்டி. ஆழத்தை எழுதும்போது அழுத்தத்தை மறக்காதீர்கள்: பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். 300 மீட்டரில் உறையை 31 வளிமண்டல அழுத்தம் நெருக்கும். ஆகவே அது தடித்த எஃகு. தூக்கிப் போட கிரேன் வேண்டும், ஃபிரிகேட்டின் பின்தளத்தில் பாதி இடம் போய்விடும். வாசகர் நம்புவது இந்த மாதிரி அசௌகரியங்களைத்தான்.

டார்பிடோவின் எண்களில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வேகத்தை மட்டும் எழுதிவிட்டு, எவ்வளவு தூரம் ஓடும் என்பதை விட்டுவிடுகிறார்கள். தும்பிலிக்குள் இருப்பது 324 மில்லிமீட்டர் விட்டமுள்ள இலகு ரகம். மேற்கத்தியக் கடற்படைகளில் பல காலமாக வழக்கத்தில் உள்ள அளவுதான். வேகம் 40 நாட், அதாவது நொடிக்குச் சுமார் 20 மீட்டர். மொத்த ஓட்டம் 8 கிலோமீட்டர். இப்போது எதிரி அணுசக்தி நீர்மூழ்கி, டார்பிடோ ஏவப்பட்ட சத்தம் கேட்டதும் திரும்பி 30 நாட்டில் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 15 மீட்டர். இடைவெளி நொடிக்கு ஐந்து மீட்டர்தான் குறையும். தொடக்கத்தில் 2,000 மீட்டர் இடைவெளி இருந்தால் 400 நொடி ஆகும். அதற்குள் டார்பிடோ ஓடியிருப்பது சரியாக 8 கிலோமீட்டர். அதாவது எரிபொருள் தீரும் இடத்தில் கை எட்டுகிறது. 2,500 மீட்டரில் ஏவினால் வெறுங்கைதான். அதனால்தான் என் மின்னணுப் பெட்டி நான்கு கிலோமீட்டரில் சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது.

1943-இல் நேச நாடுகள் விமானத்திலிருந்து போட்ட, ஒலியைத் தேடிப் போகும் முதல் டார்பிடோவுக்கு ரகசியம் காக்க ‘மார்க் 24 கண்ணிவெடி’ என்று பெயர் வைத்தார்கள். அதன் வேகம் வெறும் 12 நாட். ஜெர்மன் நீர்மூழ்கி மேற்பரப்பில் இருந்தால் அதைவிட வேகமாக ஓடிவிடும். மூழ்கிவிட்டால் அவ்வளவு ஓடமுடியாது. ஆக, இரை மூழ்கிய பிறகு போட்டார்கள், வேலை நடந்தது. எதிரியின் வேகத்தைப் பக்கத்தில் வைக்காமல் உங்கள் ஆயுதத்தின் வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

எதை அடிப்பது, எதை விடுவது என்ற விதிகள்தான் இந்த ஆயுதத்தின் குணம். தும்பிலி முதலில் சும்மா கேட்கும். மேலே போகும் சரக்குக் கப்பலின் உறுமலை விட்டுவிடும். ஆழத்திலிருந்து வரும் மெல்லிய சத்தம் என்றால்தான் விழிக்கும். கடைசி நொடியில் தூரத்தை அளக்க ஒரே ஒரு சோனார் ஒலியை (எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்வது) அனுப்பலாமா வேண்டாமா என்பது நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு. அனுப்பினால் குறி துல்லியம், ஆனால் எதிரிக்கு எச்சரிக்கை. நான் அனுப்பவைத்தேன். மேசையில் அந்த ஒற்றை ‘பிங்’குக்கு எதிராளியின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டுமே!

இந்த விதிகளில் ஓர் ஓட்டை இருக்கும், அதை அடைக்காமல் விடுங்கள். டீசல் நீர்மூழ்கி மின்கலத்துக்கு மின்னேற்ற மேலே வந்து, காற்றுக்குழாயை நீட்டி எஞ்சினை ஓட்டும்போது மீன்பிடிப் படகு மாதிரிதான் கேட்கும். மேல் சத்தத்தை விட்டுவிடும் தும்பிலி அதையும் விட்டுவிடும். எங்கள் எதிரணித் தளபதி இதை மோப்பம் பிடித்து, மழை இரவில், மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே, குழாயை நீட்டியபடியே நீரிணையைக் கடந்தார். என் ரோந்து விமானத்தின் ரேடாரில் குழாய் மாட்டியிருக்க வேண்டும், பகடை விழவில்லை. இன்னொருவர் நீர்மூழ்கிபோலச் சத்தமிடும் சிறு கருவிகளை முன்னே அனுப்பி, இரண்டு தும்பிலிகளைக் காற்றில் கத்தி வீசவைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குண்டுதான், சுட்டால் அந்த இடம் காலி.

சொந்த நீர்மூழ்கிகளை என்ன செய்வது என்பதையும் எழுதிவையுங்கள். ஒலியை மட்டும் கேட்கும் பெட்டிக்கு நம்மவன் யார், அயலான் யார் என்று தெரியாது. கரையோரம் ஒரு பாதையைக் காலியாக விட்டு, அந்த வரைபடத்தைக் கப்பல் தலைவரின் பூட்டிய பெட்டியில் வைப்பது எளிய வழி. வரைபடம் திருடுபோகலாம். கதை எழுதுகிறவருக்கு அது போதும்.

காட்சியாக எழுதும்போது நீர்மூழ்கிக்குள் போய் உட்காருங்கள், தும்பிலிக்கு அருகே அல்ல. சோனார் இயக்குநரின் காதில் திடீரென உலோகம் விலகும் ‘டக்’, உறையிலிருந்து காற்றுக் குமிழிகள், அப்புறம் சீராக உயரும் சுழல்விசிறிச் சத்தம். அந்தத் திசையில் ஒரு நிமிடம் முன்புவரை எந்தக் கப்பலும் இல்லை. “டார்பிடோ!” என்று கத்துவது எளிது. “ஏவியது யார்?” என்று கப்பல் தலைவர் கேட்டால் இயக்குநரிடம் பதில் கிடையாது. சாதாரண டார்பிடோ தாக்குதலில் இந்தக் குழப்பம் வராது.

சட்டத்தையும் கொஞ்சம் தொட்டுவிடுங்கள். 1907-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டின் எட்டாவது உடன்படிக்கை, நங்கூரம் அறுந்த கண்ணி உடனே செயலிழக்கவேண்டும் என்கிறது. குறி தவறிய டார்பிடோவும் அப்படியே. தும்பிலி இரண்டுமாக இருப்பதால் இரண்டு விதியும் அதற்குப் பொருந்தும் என்று என் குடியரசின் சட்ட அதிகாரி அடம்பிடித்தார். கம்பிவடம் அறுந்தால் பெட்டி அணைந்துபோகும், ஓட்டம் முடிந்த டார்பிடோ மூழ்கிவிடும் என்று விவரப் பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன். மின்கலத்துக்கு ஆறு மாத ஆயுள் கொடுத்தேன். அது தீர்ந்தால் வெடிபொருள் இருக்கும், மூளை இருக்காது. போர் முடிந்தபின் நாற்பதையும் தேடி எடுக்கும் வேலை அந்த நான்கு கிழட்டு ஃபிரிகேட்டுகளுக்கு. இதுவரை 31 கிடைத்திருக்கின்றன. மீதியின் இடங்கள் நடுவரின் குறிப்பேட்டில் உள்ளன, ஆட்டக்காரர்கள் கேட்டாலும் காட்டுவதில்லை.