சனியைப் பார்க்க 675 மடங்கு வேண்டாம்

வான்நோக்கல் இரவுகளில் வரிசையில் நிற்பவர்களிடம் எதைக் காட்ட என்று கேட்டால் முதலில் வரும் பெயர் சனி. வளையத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் சிலர் கொஞ்ச நாளில் சொந்தத் தொலைநோக்கியோடு திரும்பி வருகிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள். மூடியைக் கழற்றாமல் பார்ப்பது, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒரே இரவில் தானாகச் சரியாகிவிடும். பணத்தைத் தின்கிற தவறு வேறு.

பெட்டியில் போட்டிருக்கும் மடங்கை நம்பி வாங்குவது

மகளின் பிறந்தநாளுக்கென்று வாங்கிய தொலைநோக்கியை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் சனியின் அற்புதமான படம். அது காசினி விண்கலம் பக்கத்தில் போய் எடுத்த படம்; 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிவந்த கலம் அது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 675 மடங்கு உருப்பெருக்கம் என்று. வாங்கியதிலிருந்து சனி ஒருநாளும் தெரியவில்லை, ஏதோ மங்கலாகக் குறுக்கே ஓடுகிறது என்றார். பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்று அவர் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தப் பெட்டியின்மேல்.

675 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குழாயின் குவியத்தூரம், அதாவது முன் லென்ஸிலிருந்து படம் விழும் இடம் வரை உள்ள தூரம், 900 மி.மீ. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்தான் ஐபீஸ்; கூடவே தருகிறதில் மிகச் சிறியதன் குவியத்தூரம் 4 மி.மீ. வகுத்தால் 225. அதோடு அந்த மடங்கை மூன்றாகப் பெருக்கும் பார்லோ என்ற துணை லென்ஸைச் சேர்த்தால் 675. கணக்கில் பொய் இல்லை. பொய் எங்கே என்றால், முன்னால் இருக்கும் லென்ஸின் விட்டம் வெறும் 60 மி.மீ. ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதை அந்த விட்டம்தான் தீர்மானிக்கிறது. மி.மீ.க்கு 2 மடங்கு என்பது நடைமுறையில் உச்சவரம்பு. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. ஒரு கரண்டி மாவை எவ்வளவு பெரிய தோசையாக இழுத்தாலும் மாவு அதே ஒரு கரண்டிதான்.

வெளிச்சமும் போய்விடும். 45 மடங்கிலிருந்து 675க்குப் போனால் உருவம் 15 மடங்கு பெரிதாகிறது. அதே ஒளி 225 மடங்கு பரப்பில் பரவுகிறது. பார்வைப் புலமும் சுருங்கிவிடும். பூமி சுழல்வதால் கால் நிமிடத்துக்குள் சனி ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியே போய்விடும். அதைத் துரத்தலாம் என்று குழாயைத் தொட்டால் அந்த நோஞ்சான் ட்ரைபாட் ஆடும், ஆட்டமும் 675 மடங்காகத் தெரியும்.

அன்று பார்லோவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அதே தொலைநோக்கியோடு வந்திருந்த 20 மி.மீ. ஐபீஸைப் போட்டேன். 45 மடங்கு. வளையம் வந்துவிட்டது: சின்னதாக, ஆனால் கூர்மையாக. எதிர்நிலைக் காலத்தில், அதாவது சனி சூரியனுக்கு நேர் எதிரே நின்று நமக்கு மிக அருகில் வரும்போது, வளையத்தின் நீளம் வானில் சுமார் 44 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). 45 மடங்கில் அது வெறும் கண்ணுக்கு முழுநிலா தெரிகிற அளவுக்கு வந்துவிடுகிறது. அதிலேயே கோளும் வளையமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அவருடைய மகள் ஐபீஸை விட்டு நகரவே இல்லை.

லென்ஸின் விட்டம் என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. 1852இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில், சுமார் 6 அங்குல லென்ஸ் கொண்ட தொலைநோக்கியில் அதன் தலைவர் கேப்டன் ஜேக்கப் சனியைப் பார்த்தார். உள்பக்கத்து மங்கலான வளையத்தின் ஊடாகக் கோளின் விளிம்பே தெரிகிறது, அதாவது அந்த வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கண்டார். அதே ஆண்டில் மால்ட்டாவிலிருந்து ஆங்கிலேய வானியலாளர் லாசலும் தனியாக அதையே கண்டார். 6 அங்குலம் என்றால் 150 மி.மீ. இன்று எளிய பீடத்தில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கியான ஒரு சாதாரண டாப்சோனியனின் கண்ணாடி அதே அளவுதான்.

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்வி விட்டம் எவ்வளவு என்பது. அடுத்தது, ஸ்டாண்ட் ஆடுமா என்பது. எத்தனை மடங்கு என்று கடைக்காரரே ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மொட்டைமாடியில் சாயங்காலமே ஆரம்பிப்பது

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் பாதி ராத்திரி வரை சூட்டைக் கக்கும். மேலே எழும் அந்தக் காற்றில் சனி நெளியும். புல்தரை கிடைத்தால் அங்கே போங்கள். தொலைநோக்கியை அரைமணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆறவிடுங்கள். சனி மேலே ஏறும்வரை பொறுங்கள். இந்த ஆண்டுகளில் நம் ஊர்களில் அது தலைக்கு மேலேயே வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. வளையங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடாக ஓடும் காசினி இடைவெளி, காற்று அசையாமல் நிற்கும் சில நொடிகளில் மட்டும் பளிச்சென்று வரும். அதற்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருக்கத்தான் வேண்டும்.

வளையம் மெலிந்த ஆண்டில் தொலைநோக்கியைத் திட்டுவது

2025இல் வளையத்தைக் காணோம் என்று கண்ணாடியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவியவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் குறை ஒன்றும் இல்லை. சனியின் அச்சு 26.7 பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்ற 29.4 ஆண்டு ஆகிறது. (முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்று நம் பெரியவர்கள் பிடித்த கணக்கு இதுதான். ஒரு ராசிக்கு இரண்டரை ஆண்டு என்பதும் இதிலிருந்து வருவதே.) அந்தச் சுற்றில் இரண்டு முறை வளையத்தின் விளிம்பு நேராக நம்மை நோக்கித் திரும்புகிறது. வளையத்தின் அகலம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 2,70,000 கி.மீ.க்கு மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் போலத்தான். விளிம்பு திரும்பினால் எந்தச் சிறிய தொலைநோக்கியிலும் தெரியாது.

2025 மார்ச் 23 அன்று அப்படித் திரும்பியது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் முழுதாகத் திறந்திருக்கும். கலிலியோவையே இது குழப்பியது. 1610இல் மூன்று உடல்களாகத் தெரிந்த சனி, 1612இல் ஒன்றாக நின்றது. அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கியது 1659இல்.

செய்தித்தாளில் வந்த அந்த ஒரே இரவுக்குக் காத்திருப்பது

சனி பூமிக்கு மிக அருகில் என்று செய்தி வரும். 2026இல் அக்டோபர் 4, 2027இல் அக்டோபர் 18. நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். முன்னும் பின்னும் இரண்டு மாதம் வரை தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. மேகம் இல்லாத எந்த இரவும் நல்ல இரவுதான்.

உருண்டை சப்பையாக இருப்பதை லென்ஸின் குறை என்று நினைப்பது

சனியே சப்பைதான். பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுழல்வதால் நடுப்பகுதி பிதுங்கி, துருவங்கள் பத்து சதவீதம் போலக் குறுகிவிட்டன.

சனிக்கு மட்டும்தான் வளையம் என்று பிள்ளைகளிடம் சொல்வது

வியாழன், யுரேனஸ், நெப்டியூனுக்கும் உண்டு. 1977இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்கள் பிடிபட்டன. அன்று ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலும் அந்த நட்சத்திரம் மங்கியது பதிவானது.

சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்பது

சராசரி அடர்த்தி கன செ.மீ.க்கு 0.69 கிராம், தண்ணீரைவிடக் குறைவு; அதுவரை சரி. ஆனால் தூக்கிப் போட அதற்குக் கெட்டியான தரையே இல்லை.

நிலவுகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்வது

2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 சேர்ந்து 274 ஆனது. விட்டுவிடுங்கள்.

திருநள்ளாறு சனி கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் நின்றுவிடும் என்ற கதையை நம்புவது

நிற்பதில்லை.

வளையத்தைப் பார்த்ததும் எழுந்துவிடுவது

பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். பெரும்பாலும் அது டைட்டன், 1655இல் ஹைகன்ஸ் கண்டுபிடித்த நிலவு. அவர் பெயர் கொண்ட ஆய்வுக்கலம் 2005 ஜனவரி 14 அன்று அங்கே தரையிறங்கியது. டைட்டன் சனியை ஒருமுறை சுற்ற 16 நாள் ஆகிறது. சில வேளைகளில் வளையத்தின் நீளத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் தள்ளி நிற்கும். அதனால் நட்சத்திரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு தாளில் சனியை வரைந்து, புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தேதியோடு குறித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து அது இடம் மாறியிருக்கும். கண்ணாடித் தொலைநோக்கி என்றால் படம் தலைகீழாகத் தெரியும். சனி எந்தப் பக்கமாக நகர்ந்து வெளியே போகிறதோ அது மேற்கு. தாளில் முதலில் அதைக் குறியுங்கள்.