கெர்னல் டிரைவரில் ஸ்டிரிங் நகலெடுப்பைத் திருத்திய என் அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.8 பதிப்பில், ஸ்டிரிங்கை (எழுத்துத் தொடரை) நகலெடுக்கும் ஸ்டர்எல்காப்பி (strlcpy) என்ற ஃபங்ஷன் நீக்கப்பட்டதால், நாங்கள் கெர்னலுக்கு வெளியே தனியாகப் பராமரிக்கும் ஒரு நெட்வொர்க் டிரைவர் கம்பைல் ஆகவில்லை. 2015-இல் 4.3 பதிப்பிலேயே வந்துவிட்ட ஸ்டர்எஸ்காப்பிதான் (strscpy) அதற்கு மாற்று என்றாலும், பெயரை மட்டும் மாற்றுவது போதாது.

பழைய ஃபங்ஷன் மூல ஸ்டிரிங்கின் முழு நீளத்தைத் திருப்பித் தருவதால், பஃபர் (நகலைப் பெறும் நினைவிடம்) நிரம்பிய பின்னும், ஸ்டிரிங்கின் முடிவைக் குறிக்கும் பூஜ்ஜிய பைட் வரும்வரை மூலத்தைப் படித்துக்கொண்டே போகும். அதன் ஆபத்தே அதுதான். புதியதோ நகலெடுத்த எழுத்துகளின் எண்ணிக்கையையும், இடம் போதாவிட்டால் எதிர்மறைப் பிழை எண்ணையும் தருகிறது. எனவே பஃபரின் அளவோடு ஒப்பிட்ட நிபந்தனைகளையெல்லாம் பூஜ்ஜியத்தைவிடக் குறைவா என்ற சோதனையாக மாற்றினேன். விடையை ஏற்கும் மாறி எதிர்மறை எண்ணைத் தாங்காத வகையாக இருந்தால் அந்தச் சோதனை ஒருபோதும் பலிக்காது என்பதால், மாறிகளின் வகையையும் மாற்றினேன்.

ஸ்டர்என்காப்பி (strncpy) என்ற இன்னொரு பழைய நகலெடுப்பு ஃபங்ஷன் இருந்த இடங்களே மிகுந்த கவனத்தைக் கோரின. அது எஞ்சிய இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பும். பயனர் நிரலுக்கு அப்படியே அனுப்பப்படும் ஸ்ட்ரக்சரில் (பல தரவுப் புலங்களின் தொகுப்பில்) இந்த நிரப்பல் விடுபட்டால், கெர்னல் நினைவகத்தின் பழைய பைட்டுகள் வெளியே கசியக்கூடும். அங்கெல்லாம் எஞ்சிய இடத்தையும் பூஜ்ஜியத்தால் நிரப்பும் ஸ்டர்எஸ்காப்பி_பேட் (strscpy_pad) வடிவத்தையே இட்டேன். முடிவுப் பூஜ்ஜியம் இல்லாமல் நிலையான அகலத்தில் சாதனம் எதிர்பார்த்த ஒரு புலத்துக்கு மட்டும், முடிவுப் பூஜ்ஜியத்தைக் கட்டாயமாக்காத ஸ்டர்டுமெம்_பேட் (strtomem_pad) பொருந்தியது.