கட்டிலடியில் கிடக்கும் பிசியோதெரபி சாமான்களும் நாம் விடும் பிழைகளும்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஃபிளாட்களுக்கு வீடு தேடிப்போய்ப் பிசியோதெரபி செய்வது என் வேலை. கழுத்து உளைவு, நாரிப்பிடிப்பு என்று கூப்பிடுவார்கள். போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் என்னென்ன சாமான் வைத்திருக்கிறீர்கள்?" ஒரு வெட்கச் சிரிப்பு வரும். அப்புறம் கட்டிலடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும்: தோளைப் பின்னுக்கு இழுக்கும் பெல்ட், நாலு நிறத்தில் ரப்பர் பட்டி, காற்றுப் போன பெரிய பந்து, முள்ளு முள்ளான ரோலர். பாதி இணையத்தில் வாங்கியது, மீதி லண்டனிலோ டொரண்டோவிலோ இருக்கும் பிள்ளை பார்சலில் போட்டது. சாமான் பெரும்பாலும் நல்ல சாமான்தான். எந்தத் தசைக்கு எது என்று பார்க்காமல் வாங்கியதுதான் பிழை.

நாள் முழுக்க மடிக்கணினிக்கு முன்னால் குனிந்திருப்பவருக்கு எங்கே உளையும்? இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில். உளைகிற இடம் இறுகிவிட்டது என்று நினைத்து அதையே இழுத்து நீட்டுவார், அதன்மேலேயே ரோலரை உருட்டுவார். அந்தத் தசைகளோ ஏற்கெனவே இழுபட்டுக் களைத்துக் கிடப்பவை. குறுகிப்போவது முன்னால் நெஞ்சுத் தசையும், பிடரியிலிருந்து தோளுக்கு இறங்கும் தசையும்தான். செக் நாட்டு வைத்தியர் விளாடிமிர் யாண்டா இதைப் பெருக்கல் அடையாளம் போல விளக்கினார். ஆளைப் பக்கவாட்டில் பார்த்தால், ஒரு கோட்டின் இரு முனைகளில் நெஞ்சும் பிடரியும் இறுகியிருக்கும். அதை வெட்டிச் செல்லும் மற்றக் கோட்டில் கழுத்தின் முன்பக்க ஆழத் தசைகளும் தோள்பட்டையின் கீழ்த் தசைகளும் தளர்ந்திருக்கும். இடுப்பிலும் இதே கதை: முன்தொடை மடிப்பும் நாரியும் இறுக, வயிறும் பிட்டமும் சோர்ந்துவிடும். எல்லாருக்கும் அச்சொட்டாக இப்படி இருக்காது. கூனிய தோளோடு ஒரு வலியும் இல்லாமல் திரிபவர்கள் எத்தனையோ பேர். என்றாலும் எதை நீட்டுவது, எதை வலுவாக்குவது என்று யோசிக்க இந்தப் படம் உதவும்.

இப்போது பெல்ட். அது தோளை இழுத்துப் பிடிக்கும்வரை நீங்கள் நிமிர்ந்துதான் இருப்பீர்கள். ஆனால் இழுப்பது பெல்ட், உங்கள் தசை அல்ல. காலையில் காலி வீதி பஸ்ஸில் ஏறும்போது கட்டி, பின்னேரம் வீட்டுக்கு வந்து கழற்றினால் தசைக்கு நாள் முழுக்க லீவு. "குனியாதே" என்று ஞாபகப்படுத்த ஒரு 20 நிமிடம் கட்டலாம், அவ்வளவுதான் அதன் பயன். அக்குளில் வெட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் கையில் விறைப்பு வரும், ஏனென்றால் கைக்குப் போகும் நரம்புகள் அந்த வழியால்தான் போகின்றன. இன்னொன்று: வளரும் பிள்ளைக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தால் அதற்கு இந்தப் பெல்ட் மருந்தல்ல. குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் அதை ஸ்கோலியோசிஸ் என்பார்கள். அதற்கான கவசம் அளவெடுத்துச் செய்வது, கடையில் தொங்குவதல்ல.

ரப்பர் பட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்கள் அதிகம் பிழை விடுவதும் இதில்தான். நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். தெராபாண்ட் என்ற கம்பனியின் பட்டியில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பலம் கூடிக்கொண்டே போகும். வேறு கம்பனியின் பச்சை அதே பச்சை அல்ல. அடுத்தது நீளம். பட்டியின் பலம் எத்தனை மடங்கு இழுபடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மீற்றர் துண்டை இரண்டு மீற்றருக்கு இழுத்தால் அது 100 வீதம் நீள்கிறது. அதையே அரை மீற்றராக வெட்டிவிட்டு அதே ஒரு மீற்றர் தூரம் இழுத்தால் 200 வீதம், சுமை எங்கேயோ போய்விடும். ஒரு பட்டியை வெட்டி அம்மாவும் மகளுமாகப் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் இதை நேரே பார்த்தேன். "மூன்று நாளாகத் தோள் தூக்க ஏலாமல் கிடக்கு தம்பி" என்றார் அன்ரி.

பலமான நிறத்தை எடுத்தால் உடம்பு களவு செய்யும். பட்டியை யன்னல் கம்பியில் மாட்டிப் பின்னுக்கு இழுக்கும்போது தோள் இரண்டும் காதை நோக்கி ஏறினால், வேலை செய்வது அந்த இறுகிய பிடரித் தசைதான். குறுகியதை இன்னும் குறுக்கவா காசு கொடுத்து வாங்கினீர்கள்? ஒரு நிறம் இறங்குங்கள். தோள் ஏறாமல் 12 முதல் 15 தடவை இழுக்க முடிந்து, கடைசி மூன்றும் கஷ்டமாக இருந்தால் அதுதான் உங்கள் பட்டி. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். இரண்டு கிழமையில் பலம் கூடியதாகத் தெரிவது நரம்பு பழகியதால். தசை மாறக் குறைந்தது ஆறு எட்டுக் கிழமையாவது வேண்டும், அதற்குள்தான் பலர் அடுத்த சாமானைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

பட்டியை பல்கனியில் உடுப்போடு தொங்கவிடாதீர்கள். வெயிலும் வியர்வையும் ரப்பரைத் தின்றுவிடும். இழுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் எறியுங்கள். அறுந்தால் அது முகத்துக்குத்தான் வரும்.

ரோலரைத் தொடை, பின்காலில் உருட்டலாம். ஒரு இடத்தில் ஒரு நிமிடம், வலி தாங்கும் அளவுக்கு. நாரியில் நேரடியாக வைத்துப் படுத்து உருட்ட வேண்டாம், அங்கே விலா எலும்பின் காப்பு இல்லை. எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களும் காலில் இரத்த நாளம் புடைத்துச் சுருண்டவர்களும் அதைத் தொடவே வேண்டாம்.

பெரிய பந்தை 1963இல் இத்தாலியில் அக்குவிலினோ கோசானி என்பவர் செய்தார், பிறகுதான் அது பிசியோதெரபிக்குள் வந்தது. கந்தோரில் கதிரைக்குப் பதிலாக எட்டு மணித்தியாலம் அதில் இருப்பது வீண். அரை மணித்தியாலத்தில் கதிரையில் போலவே கூனிவிடுவீர்கள். 5 அடி 1 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை உயரமானவருக்கு 55 செ.மீ. பந்து, அதற்கு மேல் 65. டைல்ஸ் தரையில் கீழே ரப்பர் பாய் கட்டாயம்.

கண்ணாடி முன் நின்று வலது தோள் பதிந்திருக்கிறது என்று கவலைப்பட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி செய்பவர்களும் உண்டு. வலக்கைக்காரருக்கு அந்தத் தோள் சற்றுப் பதிந்திருப்பது சாதாரணம். பலவீனமான பக்கத்தில் தொடங்கி, அது எத்தனை தடவை செய்கிறதோ அத்தனையே மற்றப் பக்கமும் செய்தால் சரி.

தோலில் ஒட்டி மெல்லிய மின்சாரம் விடும் டென்ஸ் கருவி வலியைத் தணிக்கும், தசையைத் திருத்தாது. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதை ஒட்டக்கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் யாருமே ஒட்டக்கூடாது. கதவில் தொங்கவிட்டுக் கழுத்தை இழுக்கும் கருவியை மட்டும் ஒரு ஐயா எனக்கே தந்துவிட்டார், நான் அதைப் பூட்டிவைத்திருக்கிறேன். மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் உள்ளவருக்குக் கழுத்தின் மேல் மூட்டுத் தளர்ந்திருக்கலாம், அவருக்கு அந்த இழுவை ஆபத்து.

கையோ காலோ பலம் குறைந்தால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், முதுகுவலியோடு காய்ச்சலோ மெலிவோ இருந்தால் எந்தச் சாமானையும் தொடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றபடி பிசியோதெரபிஸ்டைத் தேடும்போது இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள், அதில் ஒரு கூச்சமும் வேண்டாம். போகிற அன்று கட்டிலடியில் கிடப்பதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு தேறும்.