ஊர்ப் பெரியவரின் பொதுவாழ்வை எழுதும் முறை

பள்ளி நூற்றாண்டு மலருக்கோ நூலக வெளியீட்டுக்கோ வழக்கறிஞராகவும் அரசியல்வாதியாகவும் கொடையாளராகவும் விளங்கிய ஒருவரின் வரலாற்றை எழுத முற்படும் கொங்கு நாட்டு நண்பர்கள் பலர், அவர் வகித்த பதவிகளை வரிசையாக அடுக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பதவிக்கும் இருந்த அதிகாரம் எவ்வளவு, அதைக் கொண்டு அவர் செய்தது என்ன என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது பொதுவாழ்வின் வரலாறாகும். 1892இல் கோயம்புத்தூரில் பிறந்து, சட்டம் பயின்று, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராக உயர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் ஆண்டுவாரியாக ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். கோவை நகராட்சி, 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், 1933 முதல் 1934 வரை மத்தியச் சட்டசபையின் தலைவர் பதவி, 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான் (தலைமை நிர்வாகி) பதவி, 1944இல் உலக நிதி ஒழுங்கை வகுத்த பிரெட்டன் உட்ஸ் மாநாடு, 1947இல் நிதியமைச்சு என அது நீளும்.

அடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயுங்கள். திவான் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், மன்னரால் அமர்த்தப்பட்டவர். அத்தகைய பதவியில் அவர் இருந்த காலத்திலேயே, 1938இல், சில துறைகளை மக்கள் பிரதிநிதியான ஓர் அமைச்சரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு கொச்சியில் நடைமுறைக்கு வந்தது என்பதை, அவர் காலத்துக் கொச்சித் துறைமுக வளர்ச்சிக்குத் தரும் அதே இடத்தைத் தந்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1947 நவம்பர் 26 அன்று அவர் தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டம் ஏழரை மாதத்துக்கு மட்டுமே உரியது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி ரூபாய், அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி ரூபாய் என்ற மதிப்பீடுகளை எழுதி, பிரிவினையின் சுமையை அவற்றின் அருகிலேயே விளக்கினால், அந்தப் பதவியின் நெருக்கடி வாசகருக்கு நன்கு புலப்படும். அந்த வரவுசெலவுத் திட்ட உரையின் மூலத்தையே படியுங்கள். மேற்கோள்களை நம்பி எழுதாதீர்கள்.

சங்கடமான பகுதிகளை மறைக்கக் கூடாது. ஆங்கிலேய அரசோடு ஒத்துழைத்த நீதிக்கட்சி, காங்கிரஸ்காரர்கள் தொடங்கிய சுயராஜ்யக் கட்சி என அவர் மாறி நின்றதையும், ஆங்கிலேய அரசு வழங்கிய சர் பட்டத்தையும், காங்கிரஸ்காரராக இல்லாதபோதும் நேருவின் அமைச்சரவையில் இடம்பெற்றதையும், வருமான வரி விசாரணைக்கு உரிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் பதவி விலகியதையும் நேராகச் சொல்லுங்கள். அவர்மீது மதிப்பு உள்ளவர்களே இவற்றை முதலில் எழுத வேண்டும். விட்டுவிட்டால் எஞ்சிய புகழுரையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

கொடையைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. கல்லூரிக் கட்டடத்திலும் மருத்துவமனைச் சுவரிலும் உள்ள கல்வெட்டில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே முழுத்தொகையும் அவருடையது ஆகிவிடாது. சொந்தப் பணமா, ஊரார் திரட்டியதா, நகராட்சி நிதியா என்பதை அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலையும் நகராட்சித் தீர்மானப் புத்தகத்தையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்துக்குச் சண்முகம் செட்டியார் துணை நின்றதுபோல, பணமாக அன்றி உழைப்பாகவும் செல்வாக்காகவும் தந்தவற்றுக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். எழுதி முடித்த படியை, வரலாற்றுக்கு உரியவரின் குடும்பத்தாரிடம் காட்டுவதற்கு முன்பே, அவருடைய அரசியலை ஏற்காத ஒருவரிடம் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள்.